மிக் வெல்டிங்கில் புளோ ஹோல்: ராணிப்பேட்டை, வேலூர்ப் பட்டறைகளில் கண்டவை

மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக ஓடிவந்து உருக, உருகியதைக் காற்றுப் படாமல் கேஸ் மூடிக் காக்கும் முறை) பீடின், அதாவது உறைந்த வெல்ட் வரியின், மேல் புளோ ஹோல் எனப்படும் ஊசித்துளைகள் விழத் தொடங்கினால், எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் முதல் பழி கேஸ் சப்ளை செய்பவர் மீதும் அடுத்த பழி கம்பி ரீல் மீதும்தான் விழும். ராணிப்பேட்டை, காட்பாடி வட்டாரத்தில் ஃபேப்ரிகேஷன் வேலைகளை மேற்பார்த்து வரும் எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலான நேரங்களில் சிலிண்டரில் உள்ள கேஸில் குறை இருப்பதில்லை. அந்தக் கேஸ் உருகிய உலோகத்தின் மேல் முழுமையாக வந்து நிற்பதில்லை என்பதே குறை.

டிராக்டர் டிரெய்லர் சேஸிஸ் செய்யும் ஒரு பட்டறையில் கத்திரி வெயில் காலத்தில் கண்டதைச் சொல்கிறேன். காலையில் போட்ட வெல்டெல்லாம் சுத்தமாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு போட்டதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். சிலிண்டரை மாற்றினார்கள், ரீலை மாற்றினார்கள், கேஸ் அளவை நிமிடத்துக்கு 15 லிட்டரிலிருந்து 25க்கு மேல் ஏற்றினார்கள். துளைகள் கூடினவே தவிரக் குறையவில்லை. தகரக் கூரையின் கீழ் புழுக்கம் தாங்காமல், முற்பகலுக்கு மேல் வெல்டரின் பக்கவாட்டில் ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடத் தொடங்கும் என்பதை அங்கு யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. விநாடிக்கு 2 மீட்டர் வேகக் காற்றே கேஸ் போர்வையைக் கலைத்துவிடப் போதும். கேஸை அளவுக்கு மீறித் திறந்தாலோ, டார்ச்சின் வாயான நாசிலிலிருந்து அது சுழன்று வெளியேறி, சுற்றியுள்ள காற்றையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். சாதாரண இரும்புக்குப் பயன்படும் ஈஆர்70எஸ்-6 வகை வெல்டிங் கம்பியில் உள்ள சிலிக்கானும் மாங்கனீசும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க அதில் எதுவும் இல்லை. உருகிய இரும்பில் கரைந்த நைட்ரஜன், இரும்பு உறையும்போது வெளியேற வழியின்றித் துளையாக நின்றுவிடுகிறது.

அதற்காக ஃபேனை நிறுத்தச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தோல் ஏப்ரனும் கையுறையும் போட்டுக்கொண்டு அந்த வெக்கையில் வேலை செய்பவருக்குக் காற்று வேண்டும். வெல்ட் செய்யும் ஜாப்பைச் சுற்றி இடுப்பளவு தகர மறைப்பு வைத்து, ஃபேனை அவர் முதுகுக்கு மட்டும் படும்படி திருப்பி, கேஸை மீண்டும் 15க்கு இறக்கியதும் துளைகள் நின்றன.

இன்னோரிடத்தில் ரெகுலேட்டர் சரியான அளவைத்தான் காட்டியது. நாசிலைக் கழற்றிப் பார்த்தபோது, எங்கள் ஊர் போர் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவதுபோல் உள்சுவர் முழுக்க ஸ்பேட்டர் (தெறித்த உலோகத் துளிகள்) பிடித்திருந்தது. நாசிலுக்குள் கேஸைப் பரப்பிவிடும் டிஃப்யூசரின் சிறு துளைகளில் பாதி அடைபட்டிருந்தன. டார்ச் மெஷினில் சேரும் இடத்திலிருந்த ஓ-ரிங் வெடித்திருந்தது. ஆகவே கேஸை நாசில் முனையில் அளக்க வேண்டும். கம்பி நகராதபடி ஃபீடர் ரோலரைத் தளர்த்திவிட்டு, சிறிய ஃப்ளோ டியூபை நாசிலில் பொருத்தி டிரிகரை அழுத்தினால், ரெகுலேட்டரில் காட்டும் அளவுக்கும் அங்கு வந்து சேரும் அளவுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும். கசிவு எங்கே என்பதைச் சோப்பு நீர் காட்டிக்கொடுக்கும். தனிக் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்துபவர்கள், தொடர் வேலையில் ரெகுலேட்டர் உறைந்து கேஸ் விட்டுவிட்டு வராமலிருக்க ஹீட்டர் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

துளை விழுந்தவுடன் நான் முதலில் செய்யச் சொல்வது, பளிச்சென்று கிரைண்டிங் செய்த ஒரு துண்டுத் தகட்டில் அதே செட்டிங்கில் ஒரு பீட் ஓட்டிப் பார்ப்பதுதான். அதிலும் துளை விழுந்தால் கேஸ், டார்ச், காற்று என்று தேடலாம். விழவில்லை என்றால் ஜாப்பில்தான் அழுக்கு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் தோல் பதனிடும் இயந்திரங்களின் ஃபிரேம்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம். பல ஆண்டுகளாக உப்பும் எண்ணெயும் ஊறிய அந்த இரும்பின் மேற்புறத்தைக் கிரைண்டரால் எவ்வளவு பளபளப்பாக்கினாலும், தகடு மேல் தகடாக இணைந்த இடுக்கிலிருக்கும் எண்ணெய் சூடு பட்டதும் கசிந்து வந்து, பீடுக்குள் புழு ஊர்ந்த தடமாக நீண்ட துளைகளை உண்டாக்கும். இணைப்பை வி வடிவில் வெட்டித் திறந்து, கேஸ் டார்ச்சால் சூடாக்கி எண்ணெயை விரட்டி, நன்றாக ஆறிய பின் அசிட்டோன் துணியால் துடைத்து, அது முழுதும் உலர்ந்த பிறகே ஆர்க் பிடிக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை இதற்குத் தொடவே கூடாது. ஆர்க் ஒளியில் அது ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய்களில் அந்தத் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடுவதால், பூச்சை இருபுறமும் எடுத்துவிட்டே வெல்ட் செய்ய வேண்டும். அந்தப் புகை காய்ச்சலையும் கொண்டுவரும்.

துளை விழுந்த பீடின் மேலேயே இன்னொரு பாஸ் (மேலடுக்கு வெல்ட்) ஓட்டி மூடுவதைப் பலர் வழக்கமாக்கிக்கொண்டுள்ளனர். அடியிலிருக்கும் வாயு மேல் பாஸுக்குள்ளும் ஏறி வருவதுடன், பாரம் ஏற்றிய டிரெய்லரின் இழுவைக் கொக்கி போன்ற இடங்களில் விரிசல் அங்கிருந்தே தொடங்கும் என்பதால், கெட்ட பகுதியைக் கிரைண்டரால் அடி வரை எடுத்துவிட்டுத்தான் மறுபடி வெல்ட் செய்ய அனுமதிக்கிறேன்.