கனி கொடாத அத்திமரம்: உங்களுக்கு அது எப்படிக் கேட்டது?

நாகர்கோவிலிலிருந்து ஒரு சகோதரி:

லூக்கா 13-ஆம் அதிகாரத்து அத்திமர உவமையை டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஒருமுறையாவது கேட்காதவர் நம்மில் குறைவு. "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும்" என்ற வசனத்துக்கு அதைவிடப் பொருத்தமான இரவு ஏது? மூன்று வருஷமாக அத்திமரத்தில் கனி தேடி ஏமாந்த எஜமான், வெட்டச் சொல்லும் கட்டளை, சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று தோட்டக்காரன் கேட்கும் ஒரு வருஷத் தவணை. மணி பன்னிரண்டை நெருங்கும்போது நான் மனதுக்குள் கணக்கெடுப்பேன்: ஜெபம் எப்போதெல்லாம் விட்டுப்போனது, வேத வாசிப்பு எந்தப் புத்தகத்தோடு நின்றது. விசுவாசத்தில் வளர்வது என்றால் கடன் அடைப்பது என்றே பழகியிருந்தது.

அதைக் கலைத்தவர் எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு பாட்டியம்மா. தோவாளைப் பக்கம் பிச்சிப்பூத் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்தவர். வேதபாடத்தில் நாங்கள் எல்லோரும் மரத்தைக் குறை சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "அந்த ஒரு வருஷம் வேலை செய்யப்போவது யார் மக்களே, மரமா?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. "கொத்துகிறவன்தானே வேர்வை சிந்தப்போகிறான்? மரம் நின்ற இடத்தில் நிற்கும்." கொத்தும்போது மேல்வேர் சில அறுபடத்தான் செய்யும், எரு நாற்றம் தாங்காதவர்கள் தோட்டத்துக்கு வரக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

என் கணவருக்கு வேலை போயிருந்த நேரம் அது. நான் அதைத் தண்டனை என்றே எண்ணியிருந்தேன். வீட்டுக்குப் போய் அவரிடம், "நம்மைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருக்கிறார்கள்" என்றேன். வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆயர்:

பாட்டியம்மாவுக்கு என் வணக்கம். ஆனாலும் கோடரியை ஒளித்துவைக்க வேண்டாம், அம்மா. கனி கொடாவிட்டால் வெட்டிப்போடலாம் என்று தோட்டக்காரனே ஒப்புக்கொள்கிறான். இதே சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்தில் யோவான் ஸ்நானகனும் மரங்களின் வேர் அருகே வைக்கப்பட்ட கோடரியைப் பற்றிப் பேசுகிறார்.

என் கவலை, அந்தக் கோடரியை நாம் கையில் எடுத்துக்கொள்வதுதான். உவமைக்கு முந்திய ஐந்து வசனங்களைப் பெரும்பாலும் யாரும் வாசிப்பதில்லை. ரோம ஆளுநன் பிலாத்து கலிலேயர் சிலரைக் கொன்ற செய்தியோடு ஆட்கள் வருகிறார்கள். எருசலேமின் சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரை இயேசு தாமே நினைவூட்டுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? இல்லை என்கிறார், கேட்கிறவர்களைத்தான் மனந்திரும்பச் சொல்கிறார். மரக்கதை அதற்குப் பிறகே வருகிறது.

ஒருமுறை மருத்துவமனையில் புற்றுநோயோடு கிடந்த ஒரு தாயைப் பார்க்கப் போயிருந்தேன். ஜெபிக்க வந்த சகோதரர் ஒருவர், "அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது, அதனால்தான் வாழ்க்கையில் கனி இல்லை" என்று அந்த அம்மாவிடமே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய், அந்த ஐந்து வசனங்களைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் வசனத்தில் குரல் இறங்கிவிட்டது. திரும்ப உள்ளே வந்தவர் ஜெபமும் செய்யவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். அவர் செய்த ஊழியத்தில் அதுதான் உருப்படியானது என்பது என் எண்ணம்.

தோட்டக்கலை படித்த ஒரு சகோதரர்:

ஆயர் ஐயா, என் தொழில் சார்ந்து ஒரு சொல். அந்த மரம் நம் ஆற்றங்கரை அத்தி அல்ல, சீமை அத்தி. குச்சி நட்டு இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கக்கூடியது. ஆகவே எஜமானின் பொறுமையின்மையில் நியாயம் உண்டு. ஆனால் எரு மிஞ்சினாலும் வம்புதான்: இலை தழைக்கும், காய் குறையும். என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பர் ஒரு கூட்டத்தையும் விடமாட்டார், உபவாசத்தையும் விடமாட்டார். அறை வாடகையில் தன் பங்கை மட்டும் தரமாட்டார்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:

வாடகைக் கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், தம்பி. என் வகுப்பில் நடந்தது வேறு. கதையைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள், "டீச்சர், அடுத்த வருஷம் காய்த்ததா?" என்று பிடித்துக்கொண்டார்கள். வேதத்தில் இல்லை என்றேன், விடவில்லை. சரி, நீங்களே முடித்து எழுதுங்கள் என்று தாளைக் கொடுத்தேன். பெரும்பாலோர் மரத்தைக் காய்க்க வைத்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும், இரண்டாவது வருஷமும் காய்க்கவில்லை, தோட்டக்காரன் மறுபடியும் "இந்த வருஷமும்" என்று கேட்டான் என எழுதியிருந்தான். அதற்கு மதிப்பெண் போட எனக்குத் துணிவு வரவில்லை. ஐயா, நீங்கள் என்றால் என்ன போடுவீர்கள்?

ஓய்வுபெற்ற ஆயர்:

முழு மதிப்பெண் போட்டுவிட்டு, வசனத்தில் அப்படி இல்லை என்றும் ஓரத்தில் எழுதுவேன். லூக்கா 15-இல், வீடு திரும்பிய தம்பிக்கு அப்பா விருந்து வைத்ததற்காகக் கோபித்துக்கொண்டு வெளியே நின்ற மூத்த குமாரன் விருந்துக்குள் போனானா என்பதும் சொல்லப்படவில்லை. அடுத்த வாரம் அதையும் அந்தப் பையனிடம் கொடுத்துப் பாருங்கள்.