தவில் தோலை இழுத்துக் கட்டுற வாரைத் தளர்த்துறதோ, அப்பிடியே விடுறதோ?

பனங்கூடல்: "பழுதான தவிலைச் சிற்பமாத் தொங்கவிடேக்க வாரைத் தொடாதேங்கோ, இறுக்கம்தான் வடிவு" எண்டு மாங்குளத்தான் எழுதியிருக்கிறார். வன்னியில வைச்சோ இந்தக் கதை? ஆடிக் கச்சான் காத்துக்குத் தோல் சுருங்கும். வார் விட்டுக்குடுக்காட்டி வலந்தலை, அதுதான் இறுக்கமான வலப்பக்கத் தோல், விளிம்போட வெடிக்கும். தொப்பி எண்ட இடப்பக்கம் தளர்வு, அது தப்பும்.

மாங்குளத்தான்: வாரைத் தளர்த்தினால் அது தவில் இல்லை, பலாக் கட்டை. பிரித்தானியச் சிற்பி கொர்னேலியா பார்க்கர் 60 பித்தளை வாத்தியத்தை நசுக்கித் தொங்கவிட்டவ. அவ பாதுகாப்புப் பாத்தவவோ?

நந்திக்கடல்: 60 எண்டது அவ 2004இல செய்த 'பெர்பெச்சுவல் கனன்'. லண்டன் விக்ரோறியா அல்பேட் மியூசியத்தில தொங்குற 'பிரெத்லெஸ்' 54. எதைச் சொல்லுறீர்?

மாங்குளத்தான்: எண்ணிக்கையே இப்ப பிரச்சினை?

பனங்கூடல்: பித்தளை சுருங்காது ஐயா, தோல் சுருங்கும். கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன். முதல் விளிம்பைச் சுத்தி ஈரத்துணி போட்டு வாரை இளக விடுங்கோ. காய்ஞ்ச வாரை இழுத்தால் தோலில வார் கோக்கிற ஓட்டை, கண், கிழியும். பிறகு எதிரெதிரா, இங்க ஒரு கண், அங்க ஒரு கண் எண்டு கொஞ்சங் கொஞ்சமாத் தளர்த்துங்கோ. ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தினால் வளையம் கோணும், பிறகு நிமிராது. கம்பியை வாரில கொழுவாதேங்கோ. கட்டையைச் சுத்தி ரெண்டு இடத்தில பட்டி போட்டுத் தூக்குங்கோ, பாரம் மரத்தில நிக்கட்டும். எண்ணெயும் பூசாதேங்கோ, மார்கழி மழைக்குப் பூஞ்சணம் வரும்.

முறிகண்டி: உள்ளுக்க எறிகணைச் செல் கோது கட்டினால் காத்துக்கு மணி மாதிரி அடிக்கும். மெக்சிக்கோக் கலைஞர் பெட்ரோ ரேயஸ் 2012இல 6,700 துவக்கில வாத்தியம் செய்தவர்.

பனங்கூடல்: அது மெக்சிக்கோ இராணுவம் அழிச்சுப்போட்டுக் குடுத்த துவக்கு. இங்க பத்தைக்குள்ள கிடக்கிறதைத் துளைக்கிறது, சூடாக்கிறது கூடவே கூடாது. எடுக்காமல் கண்ணிவெடி அகற்றுறவைக்கு அறிவியுங்கோ.

முறிகண்டி: நான் வெறுங்கோதைத்தான் சொன்னனான். முந்தி உடுக்கைப் பற்றிக் கதைக்கேக்கயும் இப்பிடித்தான் என்னை வெருட்டினனீர்.

பனங்கூடல்: உடுக்கிலயும் நான் சொன்னதுதான் சரி. வெறுங்கோது எண்டு பாத்துச் சொல்ல உமக்கு ஏலுமோ?

மாங்குளத்தான்: வாருக்கு வாங்கோ. நிழலில, சுவரோட தொங்கவிட்டால் ஏன் வெடிக்குது?

பனங்கூடல்: கச்சான் சுவருக்கு நிக்குமோ? தளர்த்த வேணும்.

மாங்குளத்தான்: தளர்த்தக் கூடாது.

நந்திக்கடல்: 54ஓ 60ஓ எண்டு இன்னும் சொல்லேல்லை.