பிரேக் இல்லாத சைக்கிளாம், யார்யா சொன்னது?

கிராங்க்செட்_குமார்:
நேத்து ஒரு அறிவாளி எழுதிருக்காரு, வெள்ளக்காரங்க சாம்பியா கிராமத்துப் பொண்ணுங்களுக்கு பிரேக்கே இல்லாத சைக்கிளைக் குடுத்துட்டு, நன்கொடை பயணம்னு தாங்களும் அதே மண் ரோட்டுல மிதிச்சுப் போயி ஸ்கூல், க்ளினிக் வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்களாம். யோவ், அது வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்ங்கற தொண்டு அமைப்பு குடுக்கற பஃபலோங்கற சைக்கிள். ஹேண்டில்ல லீவர் இல்லன்னா பிரேக் இல்லன்னு அர்த்தமா? பெடலை பின்பக்கமா அழுத்தினா பின்சக்கரம் நிக்கும், பிரேக் சக்கரத்து நடுவுல இருக்கற ஹப்புக்குள்ள இருக்கு. கம்பி கிடையாது, கட்டை தேயற தொல்லை கிடையாது. கேரியர்ல 100 கிலோ ஏத்தலாம்.

ஊர்சுத்தி_ராசா:
அந்த அறிவாளி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். இறக்கத்துல செயின் அறுந்தா உங்க ஹப் பிரேக் என்ன பண்ணும்? செயின் போச்சுன்னா பிரேக்கும் போச்சு. அதைத்தான் சொன்னேன்.

கிராங்க்செட்_குமார்:
நீ அப்படிச் சொல்லல, "பிரேக்கே இல்லாத"ன்னு எழுதின, போய்ப் பாரு. கேபிள் பிரேக்ல மட்டும் கேபிள் அறாதா? சைக்கிளே 20 கிலோவுக்கு மேல, அவ்ளோ தடிமனா பண்ணிருக்கான். எங்கப்பா காலத்துலேர்ந்து ரிம் கோட்டம் எடுக்கற குடும்பம்யா நாங்க, எங்கிட்ட பிரேக் பாடம் எடுக்காத.

நீலப்பென்சில்:
பிரேக்கை விடுங்கப்பா. சாம்பியா தலைநகர் லுசாகாவுக்கு ஃப்ளைட் டிக்கெட் போடற காசை நேரா அனுப்பினா இன்னும் எத்தனை சைக்கிள் வரும்? க்ளினிக்ல இருக்கறதே ஒரு நர்ஸ்னா அவங்க ஊசி போடறதை நிறுத்திட்டு இறுக்கமான சைக்கிள் டிரஸ்ல வர்ற இந்த லைக்ரா கோஷ்டிக்கு ரிஜிஸ்டரைக் காட்டிட்டு நிக்கணுமா?

கிராங்க்செட்_குமார்:
இங்க பேச்சு பிரேக்கைப் பத்தி.

தென்றல்_தேவி:
சாம்பியா தெற்கு மாகாணத்துல முறையா ஆய்வு பண்ணிருக்காங்க, ஸ்கூலுக்கு 3 கிலோமீட்டருக்கு மேல நடக்கற பொண்ணுங்களுக்கு இந்த சைக்கிளைக் குடுத்ததுல லீவு போடறது கால்வாசிக்கு மேல கொறஞ்சது, லேட்டா வர்றதும் நல்லாவே கொறஞ்சது. பீகார்ல 2006ல பொண்ணுங்களுக்கு சைக்கிள் திட்டம் வந்தப்பவும் ஸ்கூல்ல சேர்றவங்க கூடினாங்க. நீங்க பிரேக்கைப் பிடிச்சுட்டுத் தொங்கறீங்க.

ஊர்சுத்தி_ராசா:
மேடம், பிரேக்கைப் பிடிச்சாத்தானே நிக்கும். இதுல இல்லையே :)

கிராங்க்செட்_குமார்:
இருக்கு. இருக்கு. இருக்கு.

ஆனையிறவான்:
தம்பிமார், இந்த அமைப்புத் தொடங்கினதே 2005ல, சுனாமிக்குப் பிறகு இலங்கையில சைக்கிள் குடுக்கிறதுக்குத்தான். அதுக்குப் பிறகுதான் ஆப்பிரிக்காவுக்குப் போனவை. இதொண்டும் தெரியாமல் சும்மா கதைக்கிறீங்கள்.

பழைய_அட்லஸ்:
நம்மூர் இலவச சைக்கிள் மாதிரிதான் இதுவும் துருப்பிடிச்சு மூலையில கிடக்கும்.

கிராங்க்செட்_குமார்:
அட்லஸு, நீ டைனமோ பத்தி ஓடின இழைலயும் இப்படித்தான் ஒண்ணும் தெரியாம வந்து வாங்கிக் கட்டிக்கிட்டுப் போன. அங்க கிராமத்து ஆளுங்களுக்கே மெக்கானிக் வேலை சொல்லிக் குடுத்து ஸ்பேர் பார்ட்ஸும் கிடைக்கற மாதிரி பண்ணிருக்கான். சும்மா குடுக்கறது மட்டுமில்ல, விவசாயிங்க காசு குடுத்தும் வாங்கறாங்க. துருப்பிடிக்கற வண்டிய எவன்யா காசு போட்டு வாங்குவான்?

பழைய_அட்லஸ்:
டைனமோ இழைல நான் சொன்னதுதான் சரி. அட்மின் பூட்டினதால நீ தப்பிச்ச.

நீலப்பென்சில்:
விவசாயி கடையில வாங்கிக்கறான்னா அப்புறம் இந்தப் பயணம் எதுக்கு?

தென்றல்_தேவி:
நேர்ல பாத்துட்டு வர்றவன் ஊருக்குப் போயி இன்னும் பத்து பேர்ட்ட வசூல் பண்ணுவான், அதுக்குத்தான். க்ளினிக்ல சம்பளமில்லாம வீடு வீடாப் போற தன்னார்வலர்ங்களுக்கும் இதே சைக்கிள்தான் குடுக்கறாங்க, அதைப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கல.

ஊர்சுத்தி_ராசா:
இப்பதான் பாத்தேன். பஃபலோல புது மாடல் வந்திருக்கு, ரெண்டு செயின், ரெண்டு ஃப்ரீவீல் (மிதிக்காதப்பவும் சக்கரம் தானா சுத்த விடற பல்சக்கரம்), பெடலை பின்னாடி லேசா மிதிச்சா கியர் மாறுதாம். அப்ப பிரேக் எங்க குமார் சார்?

கிராங்க்செட்_குமார்:
அதுல கைப்பிரேக்.

ஊர்சுத்தி_ராசா:
ஹாஹாஹா, ஆக அவங்களே லீவருக்கு வந்துட்டாங்க! இதைத்தானே நேத்துலேர்ந்து கத்தறேன்.

கிராங்க்செட்_குமார்:
பின்மிதி கியருக்குப் போயிடுச்சுன்னு வச்சான்யா, உனக்குப் பயந்து இல்ல. பழைய மாடல் ஆயிரக்கணக்குல இன்னும் அங்க ஓடுது, பிரேக் போட்டா நிக்கவும் செய்யுது.

நீலப்பென்சில்:
டிக்கெட் காசுக்கு இன்னும் பதில் வரல.

கிராங்க்செட்_குமார்:
டிக்கெட்டுக்குத் தனி இழை போடுங்க. ராசா, இந்த பின்மிதி பிரேக் இருக்கற கோஸ்டர் ஹப்பை ஒருவாட்டியாவது கழட்டிப் பாத்திருக்கியா, முதல்ல அதைச் சொல்லு.