ஒற்றைக்கால் சில்வர் நல்லவனா? கோயில் மண்டபத்தில் போட்ட படம் பற்றி

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பள்ளி விடுமுறை என்று மலேசியாவில் இங்கே சுங்கை சிப்புட்டில் நம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ‘டிரெஷர் பிளானட்’ போட்டார்கள். டிஸ்னி 2002இல் எடுத்த கார்ட்டூன் படம். ஸ்டீவன்சன் 1883இல் புத்தகமாக வெளியிட்ட ‘டிரெஷர் ஐலண்ட்’ கதையை விண்வெளிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பாய்மரக் கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒற்றைக்கால் கடற்கொள்ளைக்காரன் சில்வரை என்ன செய்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! நாவலின் 14ஆம் அத்தியாயத்தில் டாம் என்ற மாலுமி கப்பலைக் கைப்பற்றும் சதிக்கு உடன்படாமல் திரும்பி நடக்கிறான். சில்வர் ஊன்றுகோலை எறிந்து அவன் முதுகில் அடித்து வீழ்த்துகிறான், மேலே பாய்ந்து இரண்டு குத்து குத்துகிறான், பிறகு கத்தியைப் புல்லில் துடைக்கிறான். கதாநாயகன், சிறுவன் ஜிம், மறைந்திருந்து பார்க்கிறான். படத்தில் இது கிடையாது. ஆரோ என்ற கப்பல் அதிகாரி சாகிறார், அந்தப் பழியும் வேறொருவன் மேல். கொலைகாரனைச் சித்தப்பா ஆக்கிவிட்டார்கள்.

பால்மரத்து மகள்:
ஐயா, அன்று புரொஜெக்டர் பக்கத்தில் நான்தான் இருந்தேன். நாவலில் ஜிம்மின் அப்பா நோயில் இறந்துபோகிறார். படத்தில் அவர் வீட்டை விட்டுப் போய்விடுகிறார், குட்டி ஜிம் துறைமுகப் பலகையில் அவர் கப்பலைத் துரத்தி ஓடுகிறான். அதுவரை கச்சாங் பூத்தே பொட்டலத்தை நொறுநொறுவென்று தின்றுகொண்டிருந்த ஒரு பையன் வாயை மூடிக்கொண்டான். பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டான். அவன் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் மூன்று தீபாவளி ஆகிறது. அவனுக்கு உங்கள் 14ஆம் அத்தியாயமா வேண்டும்?

லோரிக்காரன்:
இரண்டு பேரும் அடித்துக்கொள்கிற அளவுக்குப் படம் ஓடவில்லை. 14 கோடி டாலர் போட்டு எடுத்து, வசூல் 11 கோடியைக்கூடத் தொடவில்லை. ஆஸ்காருக்குப் போய் ஜப்பான் படத்திடம் தோற்றது. ஆனால் சில்வரின் இயந்திரக் கையை மட்டும் பாருங்கள். உடம்பு கையால் வரைந்தது, கை கணினியில் செய்தது. ஒட்டுப்போட்ட இடம் எனக்குத் தெரியவே இல்லை. கார் பட்டறையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, கையை விடு. என் தாத்தாவைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தவர் ஒரு கங்காணி. ஊருக்கு வந்தபோது வெற்றிலை, முன்பணம், தோளில் ஒரு தட்டு. இங்கே வந்த பிறகு பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில், எத்தனை தலை நிற்கிறதோ அத்தனைக்கும் அவருக்குத் தலைக்காசு. சில்வர் அச்சு அசல் அவர்தான். பிரிஸ்டலில் சாராயக்கடை வைத்துக்கொண்டு, கப்பலுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதே அவன்தான். ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கும் ஜிம், தன்னிடம் சொன்ன அதே புகழ்ச்சியைச் சில்வர் இன்னொரு பையனிடமும் வார்த்தை மாறாமல் சொல்வதைக் கேட்கிறான். அந்த எரிச்சல்தான் நாவல். இனிக்கப் பேசுகிறவனிடம் எச்சரிக்கையாக இரு என்று என் தாத்தா நாற்பது வருடம் சொன்னதை ஸ்டீவன்சன் ஒரு பீப்பாய்க்குள் வைத்துவிட்டார்.

பால்மரத்து மகள்:
பீப்பாய் படத்திலும் இருக்கிறது ஐயா, நீங்கள் கோப்பி குடிக்கப் போயிருந்தீர்கள். கூட்டாளிகள் ‘பையன் மேல் பாசமா’ என்று மடக்குகிறார்கள். புதையல்தான் முக்கியம், சந்தேகம் வராதிருக்கவே பையனோடு ஒட்டிக்கொண்டேன் என்கிறான் சில்வர். உள்ளே ஜிம் கேட்டுவிடுகிறான். நாவலில் அவன் பையனிடம் பொய் சொல்கிறான், படத்தில் கூட்டாளிகளிடம். இரண்டு பொய்யும் ஒன்றில்லையே. கடைசியில் தங்கம் நிறைந்த படகை விட்டுவிட்டுப் பையனைப் பிடிக்கிறான். உங்கள் தாத்தா பார்த்த கங்காணி அப்படிச் செய்திருக்க மாட்டார், சரி. ஒருவரும் செய்ததே இல்லை என்று சொல்ல முடியுமா? என் பாட்டிக்கு அம்மை போட்டபோது லயத்தில் கஞ்சி வைத்துக் கொடுத்தது ஒரு கங்காணி வீட்டம்மா.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வீட்டம்மா கொடுத்த கஞ்சி கங்காணி கணக்கில் வராது.

லோரிக்காரன்:
அக்கா, இதில் வாத்தியார் சொல்வதுதான் சரி. 😄 ஆனால் ஒரு கேள்வி ஐயா. நாவலில் சில்வர் ஒரு பை காசோடு தப்பி ஓடும்போது எல்லாருக்கும் நிம்மதிதானே? தூக்கில் போடாமல் ஸ்டீவன்சனே விட்டுவிட்டாரே. அவருக்கும் அந்த ஆள் மேல் ஒரு கண் இருந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. அவ்வளவு பிடித்தும் அந்தக் கொலையை எழுதினார் பார், அதைத்தான் கேட்கிறேன்.

பால்மரத்து மகள்:
ஐயா, அந்தப் பையன் இன்று மண்டபத்துக்கு வந்து புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான். என்னிடம் இருப்பது சுருக்கப் பதிப்பு, டாம் அதில் இல்லவே இல்லை. உங்களிடம் முழுசாக இருந்தால் வெள்ளிக்கிழமை கொண்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அட்டை கிழிந்திருக்கும். பரவாயில்லையா?