[கலைச்சொல்] ஹுவெய்கான்: மீளினிப்பா, பின்னினிப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூஅர் தேநீர் பற்றி விக்கிப்பீடியாவுக்கு ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். போன வாரம் இங்கே பேசி முடித்தபடி ஷெங், ஷோ வகைகளுக்குப் 'பச்சைப் பூஅர்', 'புழுங்கல் பூஅர்' என்றே போட்டுவிட்டேன். பச்சரிசியும் புழுங்கலரிசியும் நினைவுக்கு வந்தால் நல்லதுதான். புழுங்கல் வகைக்கு, 1973-இல் யுன்னானின் குன்மிங் தேயிலை ஆலையில் உருவான முறையில், இலையை நனைத்துக் குவித்து மூடி வாரக்கணக்கில் விடுகிறார்கள். குவியல் தன் சூட்டிலேயே புழுங்குகிறது. பச்சைத் தேநீரோடு குழம்பாமல் இருக்க ஒரு வரி விளக்கமும் சேர்த்தாயிற்று.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது சுவைப் பகுதியில். சீனர்கள் 'ஹுவெய்கான்' என்கிறார்கள். ஹுவெய் திரும்புதல், கான் இனிமை. விழுங்கி முடித்த பிறகு, கசந்த தொண்டையிலேயே எழும் இனிப்புக்கு அந்தப் பெயர். இளம் பச்சைப் பூஅர் கசக்கலாம், தப்பில்லை. அந்தக் கசப்பு கரைந்து இனிக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதல் தடவை வீட்டு டீ மாதிரி நாலைந்து நிமிடம் ஊறவிட்டேன். நிலவேம்புக் கசாயம் தோற்றது. பிறகுதான் முறையாகப் போட்டேன்: இலையை அழுத்திச் செய்த 357 கிராம் வட்டின் ஓரத்தை ஊசியால் நெம்பி 6 கிராம், நூறு மில்லி பிடிக்கிற மூடிக்கிண்ணம், கொதித்துச் சற்றே அடங்கிய தண்ணீர். முதல் நீரை இலை நனைய ஊற்றி உடனே வடித்துக் கொட்டிவிட்டு, அடுத்த ஊற்றுகளுக்கு ஐந்தாறு விநாடிதான். மூன்றாவது ஊற்றில் கசப்பு உச்சிக்குப் போய் அடிநாக்கில் உட்கார்ந்தது, கன்னத்தின் உட்புறத்தை இழுத்தது. விழுங்கிவிட்டு வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டேன். முப்பது எண்ணுவதற்குள் அடித்தொண்டை இனித்தது. மேலே ஒரு வாய் வெறுந்தண்ணீர் குடித்தால் அதுவும் இனித்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த எவருக்கும் தெரிந்த அனுபவம்தான். அதற்கொரு தனிச்சொல் என் காதில் விழுந்ததில்லை.

எனக்குத் தோன்றியவை: மீளினிப்பு, பின்னினிப்பு, நெல்லியினிப்பு. மூன்றிலும் முழுத் திருப்தியில்லை.

மறு: [கலைச்சொல்] ஹுவெய்கான்

> மீளினிப்பு

சீனச் சொல்லைப் பிரித்து அப்படியே ஒட்டியது. மீள வேண்டுமென்றால் முன்பு இருந்து போயிருக்க வேண்டும். உங்கள் கதையில் முதலில் வந்தது கசப்பு. இனிப்பு எங்கே போய் மீண்டது?

> பின்னினிப்பு

சடை பின்னுகிற மாதிரி கேட்கிறது.

> நெல்லியினிப்பு

அழகுதான். ஆனால் 'இத்தேநீரில் நெல்லியினிப்பு உண்டு' என்று எழுதிப் பாருங்கள், நெல்லிச்சாறு கலந்தது என்றே படிப்பார்கள். உவமையை விளக்கத்தில் வையுங்கள், சொல்லில் வேண்டாம்.

என் முன்மொழிவு: ஊறினிப்பு. ஊறுகாய் போல வினைத்தொகை. இறைத்த கிணற்றில் அடியிலிருந்து மெல்ல நீர் ஊறுவது போல வருகிற இனிப்பு. 'வாலெயிறு ஊறிய நீர்' என்று குறள் சொல்வதும் இந்த வினையால்தான், அங்கேயும் பாலும் தேனும் கலந்த இனிப்பு.

மறு: மறு: [கலைச்சொல்] ஹுவெய்கான்

காதல் குறளைத் தேநீருக்கு இழுத்தவருக்கு ஒரு கும்பிடு. ஆனாலும் இரண்டு தடைகள்.

'ஊறு விளைவித்தல்' என்று தினமும் செய்தியில் படிக்கிறோம். தீங்கான இனிப்பு என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது? இரண்டாவதுதான் பெரிது. வாயில் நீர் சுரப்பதைச் சீனர்கள் ஷெங்ஜின் என்று தனியே சொல்கிறார்கள். எச்சில் ஊறியும் இனிக்காத தேநீர் உண்டு. ஒரே வேரில் இரண்டையும் கட்டினால் வேறுபாடு போய்விடும்.

இழையைத் தொடங்கியவருக்கும் ஒன்று. கன்னத்தை இழுப்பது கசப்பு அல்ல, துவர்ப்பு. பாலிபீனால்கள் எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது; கிட்டத்தட்ட தொடுவுணர்வு அது. (ஊறு என்றால் பழந்தமிழில் தொடுவுணர்வும்தான். ஆக, அந்தச் சொல்லை வேண்டுமானால் துவர்ப்புக்குத் தாருங்கள்!) தொண்டை வறண்டு பிறாண்டினால் அது மூன்றாவது சங்கதி. சீனர்கள் 'தொண்டையைப் பூட்டுதல்' என்பார்கள். நமக்குக் கருணைக்கிழங்கு காறுவது தெரியும். காறல் என்றே போடுங்கள், புதுச்சொல் எதற்கு?

மறு: மறு: மறு: [கலைச்சொல்] ஹுவெய்கான்

துவர்ப்பு என் பிழை, திருத்திவிட்டேன். காறலையும் சேர்த்தாயிற்று.

இன்று காலை இதற்காகவே மறுபடி போட்டேன். நான்காவது ஊற்றில் நாக்கின் அடியில் முதலில் நீர் சுரந்தது, இனிப்பு அதற்குப் பிறகு, கீழே தொண்டையில். இரண்டும் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஷெங்ஜினுக்கு 'நாவூறல்', ஹுவெய்கானுக்கு 'ஊறினிப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா? வேர் ஒன்றாக இருந்தாலும் ஒன்று ஊறல், மற்றது இனிப்பு. முடிகிற சொல் வேறு. தீங்கு பற்றிய பயம் எனக்கில்லை. ஊறுகாயைத் தீங்கு தரும் காய் என்று யார் ஒதுக்கினார்கள்?

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன் (யீவூ, பூலாங் இரண்டும் பூஅர் விளையும் மலைப்பகுதிகள்): "யீவூ இலையில் கசப்பு குறைவு, ஊறினிப்பு மென்மை. பூலாங் மலை இலையில் கசப்பு முரடு, அது கரைந்தபின் ஊறினிப்பு நீண்டு நிற்கும்." தடுக்காமல் ஓடுகிறது. மீளினிப்பைப் போட்டுப் படித்தபோது ஒவ்வொரு முறையும் நாக்கு இடறியது.

மறுப்பிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். அதுவரை ஊறினிப்புக்குப் பக்கத்தில் ஹுவெய்கானை அடைப்புக்குறியில் விட்டுவைக்கிறேன்.