பொருள்: நாடக வரலாற்றுக் கலைச்சொற்கள் – ‘பிளேயிங் பிளேஸ்’ அரங்கமா, ஆடுகளமா?

> ‘பிளேயிங் பிளேஸ்’ (playing place, நாடகம் ஆடும் இடம்) என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் அரங்கம் போதுமே. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

அண்ணாச்சி, வணக்கம். போதாது என்றே நினைக்கிறேன். அரங்கம் என்றதும் கட்டிய மேடைதான் கண்முன் வருகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்வதும் அதைத்தான்: 7 கோல் (பழைய நீள அளவு) அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம், மூன்று வகை எழினி (திரைச்சீலை), தூண் நிழல் விழாதபடி வைத்த விளக்கு. இவ்வளவு துல்லியமாக ஒரு கட்டுமானத்தைக் குறித்த சொல்லை எல்லாவற்றுக்கும் இழுத்தால் அதன் கூர்மைதான் போகும்.

பழைய நாடகம் பெரும்பாலும் இப்படியொரு மேடையில் நடக்கவில்லை. ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் மக்கள் உட்கார்ந்தார்கள். கீழே வெறுந்தரையில் கோரஸ் என்கிற பாடி ஆடும் குழு ஆடியது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் மண்கரை சூழ்ந்த வட்டத் திடல்கள் இருந்தன. அந்த ஊர் மொழியில் அவற்றின் பெயருக்கே ஆடும் இடம் என்றுதான் பொருள். நம் பக்கத்துக் கணியான் கூத்தைப் பாருங்கள். சுடலைமாடன் கொடைவிழாவில் சாமி முன்னால், கோயில் முற்றத்தில், தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்கிற தோற்கருவி முழங்க, பெண் வேடமிட்ட ஆண்கள் ஆடுகிறார்கள். அங்கே எது அரங்கம்? முற்றம்தான் இருக்கிறது. கூத்து முடிந்தால் அது மறுபடி முற்றம்.

இதற்கு ஆடுகளம் என்று வைக்கலாம். புதுச்சொல்லும் இல்லை. திருமுருகாற்றுப்படையில் ‘ஆடுகளம் சிலம்பப் பாடி’ என்று வருகிறது. அங்கே அது வெறியாடும் (முருகனுக்காகச் சாமியாடும்) இடம். வெறுந்தரையாகவும் இருக்கலாம், கட்டியதாகவும் இருக்கலாம் என்கிற இந்த நெகிழ்வு அரங்கத்துக்குக் கிடையாது.

அப்புறம், இடத்தை மட்டும் சொன்னால் பாதிதான். எப்போது ஆடினார்கள் என்பதற்கு நம் பட்டியலில் ‘நிகழ்ச்சி நேரம்’ என்று போட்டிருக்கிறோம். பஸ் ஸ்டாண்ட் அறிவிப்புப் பலகை மாதிரி இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது. பொழுதைப் பெரும்பொழுது (பருவம்), சிறுபொழுது (வேளை) என்று பிரித்தும் வைத்தது. நாடக வரலாற்றுக்கு இந்தப் பிரிவு அப்படியே பொருந்துகிறது. ஏதென்ஸின் பெரிய டயோனிசியா விழாவுக்குப் பெரும்பொழுது வசந்தம், சிறுபொழுது பகல். லண்டனில் 1599-இல் எழுந்த குளோப் நாடகக் கொட்டகை, நடுவில் கூரையில்லாதது; வெயில் வெளிச்சத்தை நம்பிப் பிற்பகலில் ஆடினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசேச்சுவர நாடகம் ஆட ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கச் சொல்லும் இரண்டாம் இராசேந்திரன் கல்வெட்டு, வைகாசிப் பெருவிழா என்று பெரும்பொழுதையும் குறிக்கிறது. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் ஆடும் கதகளிக்கு இரவே பொழுது. ஆட்டவிளக்கின் ஒளியில்தான் அந்த முகபாவம் எடுபடும். பத்மநாபபுரம் அரண்மனையில் கலைநிகழ்ச்சிக்கென்றே கட்டிய கல்மண்டபத்துக்கு நவராத்திரி மண்டபம் என்று பெயர். பொழுதே இடத்துக்குப் பெயராகிவிட்டது! ஆகவே ஆடுகளம், ஆடுபொழுது என்று இரண்டையும் இணையாக வைக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

– தக்கலையிலிருந்து

மறுமொழி:

தம்பி, ஆடுபொழுது பிடித்திருக்கிறது. ஆனால் ஆடுகளம் என்றால் செய்தித்தாளில் கிரிக்கெட் பிட்ச். பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா? கூத்துக்களம் என்று வைத்தால் என்ன? நாடகம் ஆடிக்கொண்டு தெருவில் நகரும் பேஜன்ட் வேகனுக்கும் ஒரு சொல் வேண்டும்.

மறுமொழி:

குழம்ப மாட்டார்கள் அண்ணாச்சி. உள்ளரங்கு விளையாட்டு என்று எழுதுகிறோம், யாரும் அதை நாடகமென்று எடுத்துக்கொள்வதில்லை. கூத்துக்களம் நல்ல சொல்தான். ஆனால் இன்றைக்குக் கூத்து என்றால் தெருக்கூத்து, தோல்பாவைக்கூத்து என்றே மனம் போகிறது. கிரேக்க நாடகத்துக்கு அதை ஒட்டவைக்க ஒவ்வொரு முறையும் விளக்கம் எழுத வேண்டிவரும். கிரிக்கெட்டுக்காக ஒரு சங்கச் சொல்லை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

பேஜன்ட் வேகனுக்கு நாடகச் சப்பரம். யார்க் நகரில் நற்கருணைப் பெருவிழாவன்று விடியற்காலையிலேயே தொடங்கி, வண்டிகள் தெருவில் குறித்த இடங்களில் நின்று நின்று விவிலியக் கதைகளை ஆடிக் காட்டின. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் சப்பரம் (சாமியை வைத்து ஊர்வலம் கொண்டுபோகும் சிறு தேர்) எடுக்கிற நம் குமரி மாவட்டத்தில் இதற்கு விளக்கமே தேவைப்படாது. சென்னை, கோவை நண்பர்களுக்கு இந்தச் சொல் சட்டென்று பிடிபடுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

ஆடுகளம் – நாடகமோ கூத்தோ ஆடப்படும் இடம்; கட்டியதும் கட்டாததும் அடங்கும்.
ஆடுபொழுது – அது ஆடப்படும் பருவமும் (பெரும்பொழுது) வேளையும் (சிறுபொழுது).
அரங்கம் – ஆடுவதற்கென்றே கட்டிய மேடை.
நாடகச் சப்பரம் – நகரும் ஆடுகளம்.