ஒரு போனில் நின்ற குண்டுவீச்சு: பாலஸ்தீனர் நிலைக்கு யார் பொறுப்பு?

தெற்குவாசல்:
போன வாரம் வேறொரு இழையில் "அமெரிக்காவால் என்ன செய்ய முடியும், இஸ்ரேல் யார் பேச்சையும் கேட்காது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் இழை திசை மாறும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

1982 ஆகஸ்ட் 12. லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் மேற்குப் பகுதியில் பாலஸ்தீனப் போராளிகளை இஸ்ரேல் முற்றுகையிட்டிருந்தது. அன்று இஸ்ரேல் விமானங்கள் அங்கே மணிக்கணக்கில் குண்டு வீசின. அமெரிக்க அதிபர் ரீகன் இஸ்ரேல் பிரதமர் பெகினுக்குப் போன் போட்டுக் கோபமாகப் பேசினார். இருபது நிமிடத்தில் பெகின் திரும்பக் கூப்பிட்டு, நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றார். ரீகனே டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் 1956 சூயஸ் போர் முடிந்தும் சினாய், காசாவை விட்டு நகர மாட்டோம் என்று இஸ்ரேல் அடம்பிடித்தபோது அமெரிக்க அதிபர் ஐசனோவர் நெருக்கினார். 1957 மார்ச்சில் காலி செய்தார்கள். முடியாது என்று யாரும் சொல்லாதீர்கள்.

பெய்ரூட்டுக்கே வருகிறேன். அந்தப் போனுக்குப் பிறகு அமெரிக்கத் தூதர் பிலிப் ஹபீப் ஒப்பந்தத்தை முடித்தார். பி.எல்.ஓ. (பாலஸ்தீன விடுதலை இயக்கம்) போராளிகள் கப்பலேறிப் போய்விட வேண்டும். அவர்கள் விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களின் பாதுகாப்புக்கு அமெரிக்கா உறுதி. போராளிகள் போனார்கள். பாதுகாக்க வந்த பன்னாட்டுப் படையில் அமெரிக்கர்கள் செப்டம்பர் 10 அன்றே கிளம்பிவிட்டார்கள். 14 அன்று லெபனான் அதிபராகத் தேர்வாகியிருந்த பஷீர் ஜெமாயேல் குண்டுவெடிப்பில் செத்தார். 16 மாலை ஜெமாயேலின் கிறிஸ்தவ ஆயுதப் படையான ஃபலாஞ்சிகள் சப்ரா, ஷட்டீலா என்ற பாலஸ்தீனர் குடியிருப்புகளுக்குள் நுழைந்தார்கள். சுற்றி நின்ற இஸ்ரேல் ராணுவம் இரவில் வெளிச்சக் குண்டு போட்டுக் கொடுத்தது. 18 காலை வரை கொலை நடந்தது. எண்ணூறு பேர் என்பார்கள், மூவாயிரத்துக்கு மேல் என்பார்கள். கணக்கு இன்னும் தீரவில்லை.

உறுதி கொடுத்தவன் ஊரைவிட்டுப் போய் ஆறே நாள்.

கணக்குப்பிள்ளை:
ஆகஸ்ட் 12 என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது இன்னொரு ஆகஸ்ட் 12. வருடம் 1976, ஊர் அதே பெய்ரூட். தெல் அல்-ஸாத்தர் என்ற பாலஸ்தீன அகதி முகாம் பல வார முற்றுகைக்குப் பிறகு விழுந்த நாள். முற்றுகை போட்டவை லெபனான் கிறிஸ்தவப் படைகள். அவர்களுக்குத் தோள் கொடுக்க அந்த ஜூனில் லெபனானுக்குள் வந்திருந்தது யார் ராணுவம்? அரபு ஒற்றுமை பேசிய ஹாஃபிஸ் அல்-அசாத்தின் சிரியா ராணுவம். அமெரிக்கா இல்லை.

1985இலிருந்து 88 வரை "முகாம்களின் போர்" என்று ஒன்று நடந்தது. நீங்கள் சொன்ன அதே ஷட்டீலாவை லெபனான் ஷியாக்களின் அமல் இயக்கம் சுற்றி வளைத்தது. பின்னால் நின்றது மறுபடியும் சிரியா. முற்றுகையில் சிக்கிய முகாம்களில் நாய், பூனை தின்று உயிர் பிழைத்தார்கள். 1970இல் ஜோர்டானில் ஹுசைன் மன்னர் பீரங்கியைத் திருப்பியது யார் மேல்? வருடத்துக்கு ஒருமுறை சப்ராவுக்கு மெழுகுவத்தி ஏற்றும் நம் ஆட்கள் இதை எதையும் பேச மாட்டார்கள். பேசினால் வல்லரசு என்ற ஒற்றை வில்லன் கதை இடிந்துவிடும்.

தெற்குவாசல்:
ஒற்றை வில்லன் என்று நான் எங்கே சொன்னேன்? சிரியா செய்தது கொலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1976இல் சிரியா படை உள்ளே வந்ததை வாஷிங்டன் கண்டும் காணாமல் இருந்தது. தெற்கே ஒரு எல்லைக்கு அப்பால் வராமல் இருந்தால் போதும் என்று இஸ்ரேலும் சும்மா இருந்தது. உள்ளூர் ரவுடிக்கு ஸ்டேஷனில் ஆள் இருந்தால்தானே துணிச்சல்.

நூலகவாசி:
இருவரும் அமெரிக்காவைச் சுற்றியே நிற்கிறீர்கள். 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா.வில் பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக 33 வாக்கு விழுந்தபோது அமெரிக்காவும் சோவியத்தும் ஒரே பக்கம் கை தூக்கின. பனிப்போர் தொடங்கிவிட்ட காலத்தில் இது அபூர்வம். (இந்தியா எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் ஒன்று.) இஸ்ரேல் அறிவிக்கப்பட்ட 11 நிமிடத்தில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் நடைமுறை அளவில் அங்கீகரித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முழுச் சட்ட அங்கீகாரத்தை முதலில் கொடுத்தது மாஸ்கோ. 1948 போரில் இஸ்ரேலுக்குக் கைகொடுத்த ஆயுதங்கள் மாஸ்கோவின் தலையசைப்போடு செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தன. பிரிட்டனை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்பது ஸ்டாலினின் கணக்கு. அந்தப் போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். பிற்காலத்தில் அதே சோவியத்தை நண்பன் என்று அவர்கள் நம்ப வேண்டியிருந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் என்று பிரிட்டன் வாக்குக் கொடுத்த 1917இன் பால்ஃபர் கடிதத்தில், அந்த மண்ணில் பெரும்பான்மையாக இருந்தவர்களுக்குப் பெயரே இல்லை. "யூதரல்லாத சமூகங்கள்" என்று மட்டும் வருகிறது. ஐம்பது வருடம் கழித்து வந்த ஐ.நா. பாதுகாப்பு அவையின் 242ஆம் தீர்மானத்தைப் படித்துப் பாருங்கள். அதிலும் பாலஸ்தீனர் என்ற சொல் கிடையாது. "அகதிகள் பிரச்சினை" உண்டு.

ஹவல்லிக்காரர்:
நான் அதிகம் எழுதுறவன் இல்ல. அப்பா குவைத்துல ஹவல்லி பகுதியில தையல்கடை வெச்சிருந்தார். அந்தத் தெருவுல முக்கால்வாசிப் பேர் பாலஸ்தீனக்காரங்க. மாடி வீட்டு வாத்தியார் காசாக்காரர். அவர்கிட்ட இருந்தது எகிப்து கொடுத்த பயணப் பத்திரம். வேடிக்கை என்னன்னா, அதை வெச்சுக்கிட்டு விசா இல்லாம எகிப்துக்குள்ளேயே போக முடியாது.

1990 ஆகஸ்ட்ல சதாம் படை வந்தது. நாங்க அம்மான் வழியா ஏர் இந்தியா விமானத்துல ஊர் வந்து சேர்ந்துட்டோம். நமக்குன்னு ஒரு பாஸ்போர்ட், ஒரு அரசாங்கம் இருந்துச்சு. பி.எல்.ஓ. தலைவர் அரஃபாத் சதாம் பக்கம் சாய்ஞ்சதால போர் முடிஞ்சப்புறம் பழி மொத்தமும் அந்தத் தெரு மேல விழுந்துச்சு. நாலு லட்சம் பேர் இருந்த இடத்துல சில பத்தாயிரம் பேர்தான் மிஞ்சினாங்க. ஜோர்டான் பாஸ்போர்ட் வெச்சிருந்தவங்க ஜோர்டான் போனாங்க. வாத்தியார் எங்க போனார்னு அப்பாவுக்குக் கடைசி வரை தெரியல.

கணக்குப்பிள்ளை:
ஹவல்லிக்காரர் அண்ணே, நீங்கள் எழுதியது மனதைப் பிசைகிறது. ஆனால் என் வாதத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். விரட்டியது குவைத். கதவை மூடியது எகிப்து. தப்பான பக்கம் சாய்ந்தது அரஃபாத்.

பாலஸ்தீனர்களுக்கு எப்போது ஏதாவது நகர்ந்தது என்று பாருங்கள். 1987 டிசம்பரில் காசாவின் ஜபாலியா முகாமில் தொடங்கிய கிளர்ச்சியை எந்தத் தலைநகரும் திட்டமிடவில்லை. துனிஸில் உட்கார்ந்திருந்த பி.எல்.ஓ. தலைமையே திகைத்துப்போனது. கல்லெறிந்த பையன்களும் கடையடைப்பும்தான். எட்டே மாதத்துக்குள் மேற்குக் கரை மீதான உரிமையை ஹுசைன் மன்னர் கைவிட்டார். அந்த வருடக் கடைசியில், பி.எல்.ஓ.வோடு பேசவே மாட்டோம் என்றிருந்த அமெரிக்கா பேச உட்கார்ந்தது. எல்லாம் வல்லரசு கையில் என்று நீங்கள் எழுதும்போது அந்த மக்களைப் பொம்மை ஆக்குகிறீர்கள், தெற்குவாசல். இது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

தெற்குவாசல்:
நல்ல அடி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஜபாலியாவை நான் விட்டிருக்கக் கூடாது.

ஆனால் அந்தக் கிளர்ச்சியின் பலன் யார் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது? 1991 மாட்ரிட் அமைதி மாநாட்டில் பாலஸ்தீனர் தனிக் குழுவாக உட்காரக்கூட முடியவில்லை. ஜோர்டானோடு சேர்த்துத்தான் நாற்காலி. 1993இல் பி.எல்.ஓ., இஸ்ரேல் இருப்பதற்கான உரிமையை ஏற்றது. பதிலுக்கு இஸ்ரேல் ஏற்றது பி.எல்.ஓ. பாலஸ்தீனரின் பிரதிநிதி என்பதை மட்டும். நாடு பற்றி ஒரு வரி கிடையாது. அப்போது, கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல், மேற்குக் கரையில் குடியேறிகள் ஒரு லட்சத்துச் சொச்சம். இன்றைக்கு ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சரி, மக்கள் தாங்களே முடிவெடுக்கட்டும் என்கிறீர்கள். 2006 ஜனவரியில் எடுத்தார்கள். 132 இடத்தில் ஹமாஸுக்கு 74. எனக்கு ஹமாஸைப் பிடிக்காது, அது வேறு. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா, ஐ.நா. நான்கும் சேர்ந்து நிபந்தனை போட்டன. மேற்கத்திய உதவிப் பணம் நின்றது. அடுத்த வருடம் காசா ஹமாஸ் கையில், மேற்குக் கரை போட்டிக் கட்சியான ஃபத்தா கையில்.

கணக்குப்பிள்ளை:
2007இல் காசா தெருவில் சுட்டுக்கொண்டது ஃபத்தாவும் ஹமாஸும். அந்தத் துப்பாக்கிகளைப் பிடித்திருந்த கைகள் அவர்களுடையவை.

நூலகவாசி:
உங்கள் இருவர் வாதமும் ஒரே தாளில் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு. 2025 நவம்பர் 17, பாதுகாப்பு அவையின் 2803ஆம் தீர்மானம். காசாவை மேற்பார்வையிட டிரம்ப் தலைமையில் ஒரு "அமைதி வாரியம்", கூடவே ஒரு பன்னாட்டுப் படை. 13 வாக்கு ஆதரவு. ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. வீட்டோ கையில் இருந்தும் பயன்படுத்தவில்லை. எகிப்து, சவூதி, கத்தார், ஜோர்டான், அமீரகம் எல்லாம் முன்பே ஆதரவு அறிக்கையில் சேர்ந்திருந்தன. மேற்குக் கரையில் ரமல்லாவிலிருந்து இயங்கும் பாலஸ்தீன நிர்வாகம் வரவேற்றது. ஹமாஸ் நிராகரித்தது.

தனி நாடு பற்றி அதில் என்ன இருக்கிறது தெரியுமா? நிர்வாகச் சீர்திருத்தமும் மறுகட்டுமானமும் நடந்த பிறகு, அதற்கான நம்பகமான பாதைக்குச் சூழ்நிலை "அமையக்கூடும்". பால்ஃபர் கடிதம் வந்து 108 வருடத்தில் பெயர் கிடைத்திருக்கிறது. வினைச்சொல் இன்னும் கிடைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த அறிக்கையில் சேர்ந்த அரபு நாடுகளை யாரும் கழுத்தில் கத்தி வைத்துச் சேர்க்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தெற்குவாசல்:
கத்தி எதற்கு? எகிப்துக்கு அமெரிக்காவிலிருந்து வருடம் 130 கோடி டாலர் ராணுவ உதவி பல பத்தாண்டுகளாகப் போகிறதே.

ஹவல்லிக்காரர்:
ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க, ஒரு சந்தேகம். காசாவுக்குப் படை வருதுன்னா, அது எந்தத் தேதி வரைக்கும் இருக்கும்னு அந்தத் தாள்ல போட்டிருக்கா?

நூலகவாசி:
இருக்கிறது. 2027 டிசம்பர் 31.